அமீனா கையில் ஒரு குழந்தை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமை சமாசாரம் எனக்குத் தெரியாது. அமீனா சமாசாரம் தெரியும். 1979-ல், இருபத்திரண்டு வயதில், கோர்ட்டில் பிராசஸ் சர்வராகச் சேர்ந்தேன். 1988-ல் அமீனா ஆனேன். 2015-ல் ஓய்வு பெற்றேன். காகிதத்தில் எங்கள் பதவிக்கு ‘முதுநிலைக் கட்டளை நிறைவேற்றுநர்’ என்று பெயர். ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தெருமுனையில் என் தலை தெரிந்தால் போதும், திண்ணையில் இருப்பவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஜப்திதான் எங்கள் பிழைப்பு. கடன்காரன் வீட்டுக்குப் போய்ப் பொருளை எடுப்பது, பட்டியல் எழுதுவது, சாட்சிக் கையெழுத்து வாங்குவது, கோர்ட்டில் பொருள்களையும் பணத்தையும் பார்த்துக்கொள்ளும் நாசர் ஆபீசில் ஒப்படைப்பது. வெளியில் இருப்பவர்களுக்கு இது அடாவடி போலத் தெரியும். ஆனால் நாங்கள் நினைத்ததைச் செய்ய முடியாது. 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் எங்கள் கையைக் கட்டி வைத்திருக்கிறது. 60-ஆம் பிரிவின்படி சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. பாய் படுக்கையைத் தொடக் கூடாது. உடுத்தும் துணி கூடாது. தாலியைப் போல, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் கூடாது. 62-ஆம் பிரிவின்படி, பொருளை ஜப்தி செய்யச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசற்கதவை எப்போது உடைக்கலாம், எப்போது கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமை எழுத்தர் இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார்.

1994-ல் ஒரு நாள் என் கையில் கொடுக்கப்பட்ட வாரண்டில், பொருளின் விவரம் எழுதும் இடத்தில் ஒரு பையனின் பெயரும் ‘வயது 8’ என்பதும் இருந்தன. தகப்பன் வீட்டார் வைத்திருக்கும் பையனை மீட்டுத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். தலைமை எழுத்தரிடம் போய், “சார், இதுக்கு என்ன விதி?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போய்க் கூட்டிட்டு வாய்யா. பேட்டா கட்டியாச்சு” என்றார்.

சட்டிக்கு விதி இருந்தது. பையனுக்கு இல்லை. அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஓய்வுபெற்ற பிறகு படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாரண்டுக்கு மூலம் 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் நடப்பில் இருப்பது. அதன் 25-ஆம் பிரிவு சொல்வது இது: காப்பில் உள்ள சிறுவர் காப்பாளரை விட்டு விலகினாலோ, விலக்கப்பட்டாலோ, திரும்ப வருவது அவர் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் கருதினால் அப்படி உத்தரவிடலாம்; அதை நிறைவேற்ற அந்தச் சிறுவரைக் கைது செய்யவும் செய்யலாம். ஆமாம், கைது. ஒளித்து வைத்தவரை அல்ல, சிறுவரை. அதற்கு 1882-ஆம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. முறைகேடாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடி மீட்கும் அதிகாரம் அது.

ஒளித்து வைத்தவருக்கு 45-ஆம் பிரிவு. முதலில் நூறு ரூபாய் வரை அபராதம். பிடிவாதம் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வரை. எல்லாம் சேர்ந்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. சிறுவரைக் கொண்டுவர ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். 1890-ல் நூறு ரூபாய் என்றால் பெரிய தொகை. இன்று அந்த ஐந்நூறு வக்கீல் குமாஸ்தாவின் ஒரு நாள் போக்குவரத்துச் செலவு.

அன்றைய சர்க்காருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜமீன் வீட்டுக் குழந்தை என்றால் நன்றாகவே தெரியும். 1804-லேயே சென்னை மாகாணத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்கு ரெகுலேஷன் வந்துவிட்டது. ஜமீன்தார் இறந்து வாரிசு மைனராக இருந்தால் ஜமீனும் பிள்ளையும் சர்க்கார் பொறுப்பு. ஜில்லாவில் கலெக்டர்தான் கண்காணிப்பார். ராமநாதபுரத்தில் 1873-ல் முத்துராமலிங்க சேதுபதி காலமானபோது பாஸ்கர சேதுபதிக்கு ஐந்து வயது. பிள்ளையைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஆங்கில ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்தார்கள். 1889-ல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது. அந்தப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும், யாரிடம் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்க ஆள் இருந்தது, ஆபீஸ் இருந்தது, ஜமீன் வருமானத்தில் பணமும் இருந்தது. நல்லது செய்தார்களா என்பது வேறு விஷயம். பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாக இருந்தது.

சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அவனுக்கு ஜில்லா ஜட்ஜின் உத்தரவு, அதைத் தூக்கிக்கொண்டு போக என்னைப் போல ஒரு அமீனா. அவ்வளவுதான்.

உத்தரவு வாங்குவது ஒன்று, பிள்ளை கைக்கு வருவது வேறொன்று என்பதை உலகம் முழுக்கத் தெரியவைத்த வழக்கு எங்கள் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில்தான் தொடங்கியது. அடையாறு அப்போது சென்னைப் பட்டணத்தோடு சேராமல் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அங்கே தியாசாபிகல் சொசைட்டியில் வேலை பார்த்தவர் ஜிட்டு நாராயணய்யா, ஓய்வுபெற்ற தாசில்தார், மனைவியை இழந்தவர். தம் பிள்ளைகள் கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தாவையும் வளர்க்கும் பொறுப்பை 1910-ல் சொசைட்டியின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். 1912-ல் பிள்ளைகள் இங்கிலாந்து போய்விட்டார்கள். சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டரின் சகவாசம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது தகப்பனின் குறை. அந்த வருஷக் கடைசியில் வழக்குப் போட்டார். செங்கல்பட்டில் தாக்கலான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தகப்பனுக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். அம்மையார் தமக்குத் தாமே வாதாடினார்.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார்: பிள்ளைகள் நீதிமன்றக் காப்பில் இருப்பவர்கள், மே 26-க்குள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும். அப்பீலிலும் தகப்பன் பக்கமே தீர்ப்பு. ஆனால் பிள்ளைகள் இருந்தது கடலுக்கு அப்பால். எந்த அமீனா எந்தக் கப்பலில் போவான்? எந்த நாசர் அதற்குப் பேட்டா கொடுப்பார்?

1914 மே மாதம், அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. தகப்பனுக்கு உரிமை இல்லை என்று அது சொல்லவில்லை. காப்பாளர் பொறுப்பை இன்னொருவருக்கு ஒப்படைத்திருந்தாலும் தகப்பன் அதைத் திரும்பப் பெறலாம் என்றுதான் சொன்னது. பிள்ளைகள் செங்கல்பட்டு ஜில்லாவில் வழக்கமாக வசிப்பவர்கள் அல்ல, ஆகையால் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்றது. வேண்டுமானால் இங்கிலாந்துக் கோர்ட்டில் கேட்கலாம் என்றது. இன்னொன்றையும் சொன்னது, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்: விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளை, அவர்கள் விருப்பத்தைக் கேட்டறியாமல், கொண்டுவந்து ஒப்படை என்று உத்தரவு போட்டது சரியில்லை. கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது பத்தொன்பது வயது. கோர்ட் காப்பில் எடுக்கப்பட்டவருக்கு அன்றைய சட்டப்படி இருபத்தொரு வயதில்தான் மேஜர் என்பதால் அவர் இன்னும் மைனர். அந்த விதி 1999-ல்தான் எடுக்கப்பட்டது.

எங்கள் கோர்ட்டில் பழைய சிரஸ்தார் ஒருவர் இந்த வழக்கை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கதை மாதிரி சொல்வார். கடைசியில், “தெரியுதா? டிக்ரி வாங்கிட்டா பையன் வந்துடுவானா?” என்று முடிப்பார். நாங்கள் சிரிப்போம்.

பெரிய இடத்துக் கதை அப்படி. கிராமத்துக் கதை வேறு மாதிரி நடந்தது. நான் சேர்ந்த புதிதில், சம்மன் கொண்டுபோனாலும் சரி, கூட இருக்க அமீனாவோடு அனுப்பப்பட்டாலும் சரி, முதலில் போய் நிற்பது கிராம முன்சீப் வீட்டில்தான். 1816-லேயே சட்டப்படி சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் பெற்ற பதவி அது. வாரண்டை அவர் வாங்கி இரண்டு முறை படிப்பார். தலையாரியை அனுப்பிச் சம்பந்தப்பட்டவரை வரவழைப்பார். “ஏண்டா, கோர்ட்டு மனுசனை வாசல்ல நிக்க வெக்கிறே?” என்று ஒரு அதட்டல். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அவர் நியாயவான் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே குடும்பம், பரம்பரை அதிகாரம். புருஷன் வீட்டுப் பக்கம் சாய்வார். சேரித் தெருவில் அவர் பேச்சுக்கு வேறு அர்த்தம். ஆனால் அந்தப் பிள்ளை யார், எந்தத் திண்ணையில் தூங்குகிறது, யார் சொன்னால் கேட்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிறகு பரீட்சை எழுதி வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் அவர்களிடம் போயிற்று. ஊராரைக் கூப்பிட்டுப் பேசும் வேலையை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

1994-ல் அந்த வாரண்டோடு நான் போனபோது வி.ஏ.ஓ. சொன்னது இதுதான்: “தாசில்தார் லெட்டர் இருந்தா வரேன். இல்லேன்னா என்னை இதுல இழுக்காதீங்க.” அவர் மீதும் தப்பில்லை. பக்கத்து ஸ்டேஷனில் ஒரு பெண் காவலரைக் கொடுத்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். இந்த மாதிரி வேலைக்கு அவரும் வந்ததில்லை. பையனின் தாய், அவருடைய அண்ணன், காவலர், நான், நான்கு பேரும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கி ஏரிக்கரை மேல் நடந்தோம்.

தகப்பன் ஊரில் இல்லை, லாரிக்குப் போயிருந்தார். வீட்டில் தாத்தா, பாட்டி, பையன். எங்களைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அம்மா சத்தமாகக் கேட்டார்: “அமீனா வந்திருக்காரே, என்னத்த ஜப்தி பண்ணப் போறாரு?” பையன் உள்ளே ஓடி நெல் குதிருக்குப் பின்னால் புகுந்துகொண்டான். தாய் போய்க் கூப்பிட்டார். வரவில்லை. ஒன்றரை வருஷமாக அம்மாவைப் பார்க்காத பிள்ளை. காவலர் என் முகத்தைப் பார்த்தார். “தூக்கிடலாமா சார்?” என்றார். சட்டப்படி தூக்கலாம். வாரண்ட் என் பையில் இருந்தது.

நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. கடிகாரத்தை எடுத்திருக்கிறேன், தையல் மெஷினை எடுத்திருக்கிறேன். குதிருக்குப் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுப்பதற்கு எனக்குப் பழக்கமில்லை. காவலரிடம் தொப்பியைக் கழற்றச் சொன்னேன். தாத்தாவிடம், “பெரியவரே, இன்னைக்கு நான் வெறுங்கையோட போனா நாளைக்கு வேற ஆள் வருவான். ஜீப்புல வருவான்” என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு பாட்டிதான் எழுந்தார். மருமகளைப் பார்த்து, “உள்ள வா. புள்ளைக்குச் சோறு போடு” என்றார்.

தாய் போட்ட சோற்றைப் பையன் தின்றான். பெரியவர்கள் யாரும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து நேராக என்னிடம் நின்று கேட்டான்: “சைக்கிளும் வருமா?”

வாசலில் ஒரு சின்ன சைக்கிள் சாத்தியிருந்தது. சிவப்பு நிறம். பின் சக்கரத்தில் பலூன் கட்டியிருந்தான், ஓட்டினால் மோட்டார் மாதிரி சத்தம் வருவதற்காக. வாரண்டை எடுத்துப் பார்த்தேன். சைக்கிளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நூறு சைக்கிளையாவது ஜப்தி செய்த கை எனக்கு. அந்த ஒரு சைக்கிளைத் தொட அதிகாரம் இல்லை. “அப்பா வந்து குடுப்பாருப்பா” என்று ஒரு பொய் சொன்னேன்.

ஒப்படைப்பு ரசீது எழுத வேண்டும். பொருள்களுக்கான அதே படிவம். ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் தாய் கையெழுத்துப் போட்டார். கூட வந்தவை: பள்ளிக்கூடப் பை ஒன்று, சட்டை இரண்டு, கால்சட்டை இரண்டு, பம்பரம் ஒன்று. அதையும் எழுதினேன். படிவத்தில் மதிப்பு என்று ஒரு பத்தி இருந்தது. பையன் பெயருக்கு நேரே அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு மூடினேன்.

அதற்கு முன்பே சட்டத்தில் நிறைய மாறத் தொடங்கியிருந்தது. 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டம், பிள்ளையின் நலன்தான் முதலில் என்று எழுதியிருந்தது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 1984-ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. ஆலோசகர்கள் வந்தார்கள். வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல என்று ஆக்கினார்கள். எல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பாருங்கள். ஜீவனாம்சம் போன்ற சில உத்தரவுகள் தவிர, குடும்ப நீதிமன்ற டிக்ரியும் சிவில் நடைமுறைச் சட்டப்படிதான் நிறைவேற்றப்படும். வாசலில் ஆலோசகர், முடிவில் மறுபடி அமீனா.

1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் வந்தது. அதன்பின் எங்களிடம் வரும் இந்த வாரண்டுகள் குறைந்தன. ஜனங்கள் ஆட்கொணர்வு மனுப் போடப் பழகினார்கள். உயர் நீதிமன்றம் போலீசிடம் தேதி குறித்துச் சொல்லும். போலீஸ் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தும். வேகமான வழிதான். மகளிர் நிலையத்தில் சில எழுத்தர் அம்மாக்கள், பழைய முன்சீப் செய்த வேலையை அவரைவிட நியாயமாகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அந்தந்த ஆளின் குணம். அந்த அம்மா மாற்றலாகிப் போனால் அந்த வழியும் கூடவே போய்விடும்.

குற்றம் செய்ததாகப் பிடிபடும் சிறுவனுக்கு இன்று விதி இருக்கிறது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது; விதிகளின்படி கைவிலங்கு போடக் கூடாது. சரியான விதிகள். ஒரு குற்றமும் செய்யாமல், அப்பன் ஆத்தாள் சண்டையில் மாட்டிக்கொண்ட பிள்ளையை எந்த நேரத்தில் அழைக்கப் போக வேண்டும், யார் போக வேண்டும், சீருடையில் போகலாமா, முதல் நாளே யாராவது போய்ப் பேச வேண்டாமா, அழுதால் என்ன செய்வது என்று சொல்லும் விதி அமீனாவின் கைக்கு இன்னும் வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கஸ்டடி உத்தரவு எழுதும் நீதிபதி, கடைசியில் இரண்டு பத்தி கூட்டி எழுதட்டும்: யார் போய் அழைப்பது, எந்த இடத்தில் கைமாற்றுவது, எத்தனை மணிக்கு, கூட எதெல்லாம் வரும். மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரை முதல் நாள் அனுப்பட்டும். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பிரிவி கவுன்சில் 1914-ல் சொன்னதுதான் அது. பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் அப்பீல் போங்கள். பிள்ளையைக் குதிருக்குப் பின்னால் அனுப்பாதீர்கள். பிள்ளையோடு அதன் சைக்கிளையும் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக ஒரு விசித்திரம். 1890-ஆம் வருஷத்துச் சட்டம் சுட்டிக்காட்டும் 100-ஆம் பிரிவு, 1973-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் புதிதாக வந்தபோது 97 ஆகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது மறுபடி 100-ஆம் பிரிவு. நூற்று முப்பத்து நான்கு வருஷம் சுற்றி, எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. 25-ஆம் பிரிவில் சிறுவரைக் ‘கைது’ செய்யலாம் என்ற அந்தச் சொல் நடுவில் எங்கேயும் போகவில்லை. இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.